நோயாளியின் அமானத்

வாழ்வும் மரணமும் அல்லாஹ்வின் கையில் இருக்கின்றன என்பது நம் ஈமானின் அடிப்படை. அதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு மருத்துவர் பரிசோதனைத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இவரைப் போன்ற நோயாளிகள் நூறு பேரில் இத்தனை பேர்தாம் ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருக்கிறார்கள்" என்று சொல்லும்போது, ஈமான் கொண்ட ஒரு குடும்பம் அந்தத் தாளை என்ன செய்ய வேண்டும்? நம்ப வேண்டுமா, ஒதுக்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அதை நோயாளியிடம் காட்ட வேண்டுமா, மறைக்க வேண்டுமா? இந்தக் கேள்வியையே இம்மாதம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி தெளிவாக விளங்க ஓர் உதாரணம் கொள்வோம். திருநின்றவூரில் குடியிருந்து, காக்களூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வரும் நாற்பது வயதுக் குடும்பத் தலைவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களாக விட்டு விட்டுக் காய்ச்சல். பல் துலக்கினால் ஈறில் இரத்தம். ரயில் நிலையத்து மேம்பாலப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரத்தம் பரிசோதித்த அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துச் சோதித்து, கடும் இரத்தப் புற்றுநோய் என்கிறார்கள். மருத்துவர் விவரம் சொல்லத் தொடங்குமுன் நோயாளியின் அண்ணன் அவரைத் தனியே அழைத்துச் சென்று, "டாக்டர், எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள், தம்பிக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்" என்கிறார். பாசத்தால் சொன்ன சொல்தான் அது. நம் ஊர்களில் பத்துக் குடும்பங்களைக் கேட்டால் பெரும்பாலும் இதையே சொல்வார்கள். ஆனால் அந்தச் சொல் சரிதானா?

நோயின் தன்மை

முதலில் நோயைச் சற்று அறிந்துகொள்வோம். நம் இரத்தத்தின் அணுக்கள் யாவும் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. அவற்றுக்கெல்லாம் தாயாக இருப்பவை ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள். இவற்றில் ஒன்றிலோ, இவற்றிலிருந்து பிறந்த இளம் அணு ஒன்றிலோ மரபணுவில் பிழை நேர்ந்து, அந்த அணு முதிர்ச்சியடையாமலே பெருகத் தொடங்கினால் அதுவே இரத்தப் புற்றுநோய். முதிராத அணுக்கள் மஜ்ஜையை நிறைத்துவிடுவதால் நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது. ஆகவேதான் சோகை, இரத்தக் கசிவு, ஓயாத காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. கடும் வகையில் இவை சில வாரங்களுக்குள்ளேயே முற்றிவிடும். குழந்தைகளுக்கு அதிகமாக வருவது 'லிம்பாய்டு' வகை. பெரியவர்களுக்கு அதிகமாக வருவது 'மைலாய்டு' வகை.

இந்த மரபணுப் பிழை பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதன்று; பிள்ளைகளுக்குப் போவதுமன்று. வாழ்நாளின் இடையில், அந்த ஓர் அணுவில் நேர்ந்த பிழை அது. பரம்பரையாக இந்நோய்க்கு இடமளிக்கும் குடும்பங்கள் மிகச் சில. அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவ்வாறிருக்க, 'அது கேன்சர் குடும்பம்' என்று சொல்லி அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரும் சம்பந்தத்தைக் கெடுப்பவர்கள் அல்லாஹ்வுக்கு அஞ்சிக்கொள்ளட்டும்.

'எதனால் வந்தது?' என்பது அடுத்த கேள்வி. அம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை தொழிற்சாலைகள் நிறைந்த நம் வட்டாரத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. பென்சீன் என்ற இரசாயனத்தை நெடுங்காலம் சுவாசிப்பவர்களுக்கு இந்நோய் வரக்கூடும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. அதற்கெதிரான பாதுகாப்பைத் தொழிலாளிக்கு அளிப்பது முதலாளியின் கடமை. எனினும் பெரும்பாலான நோயாளிகளின் விஷயத்தில் 'இன்ன காரணம்' என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை. முடியாத இடத்தில், 'என்ன பாவம் செய்தானோ' என்று நாம் ஒரு காரணத்தை இட்டுக்கட்டுவது மருத்துவமும் அன்று, மார்க்கமும் அன்று.

தாள் சொல்வது எதை?

இனி அந்தப் பரிசோதனைத் தாளுக்கு வருவோம். இன்று மைலாய்டு வகை நோயாளியின் மஜ்ஜையில் குரோமோசோம்களையும் மரபணுக்களையும் சோதித்து, நோயை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள்: மருந்துக்கு நன்கு கட்டுப்படக்கூடியது, நடுத்தரமானது, பாதகமானது. உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் ஐரோப்பிய வல்லுநர் குழுவின் பட்டியல் ஒன்று இதற்கு உண்டு. எட்டாம் குரோமோசோமும் இருபத்தொன்றாம் குரோமோசோமும் துண்டு மாறியிருந்தால் அது நல்ல வகுப்பு. டி.பி.53 என்ற மரபணு பழுதாகியிருந்தால் அது பாதகமான வகுப்பு.

இந்தப் பிரிவினை எதற்கு? சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதற்கு. முதலில் ஏறத்தாழ எல்லோருக்கும் கீமோ மருந்து தந்து நோயைத் தணிக்கிறார்கள். ஒரு மருந்தை ஏழு நாளும் மற்றொன்றை மூன்று நாளும் ஏற்றும் முறை 1970களிலிருந்து வழக்கில் உள்ளது. நோய் தணிந்த பின்தான் பாதை பிரிகிறது. நல்ல வகுப்பைச் சேர்ந்தவருக்கு மேலும் சில சுற்று மருந்தே பெரும்பாலும் போதும். பாதகமான வகுப்பைச் சேர்ந்தவருக்கு மருந்து மட்டும் தந்தால் நோய் திரும்பி வருவதற்கே வாய்ப்பு அதிகம். எனவே, தணிந்திருக்கும் அந்த வேளையிலேயே மற்றொருவரின் குருத்தணுவைச் செலுத்தும் சிகிச்சையை மருத்துவர்கள் ஆலோசனையாகக் கூறுகிறார்கள். தணிந்த பின்னும் நோயணு சிறிது எஞ்சியிருக்கிறதா என்று நுணுகிப் பார்க்கும் பரிசோதனையும் இந்த முடிவுக்குத் துணை செய்கிறது.

இச்சிகிச்சை எளிதன்று. கடுமையான மருந்தால், சிலருக்குக் கதிர்வீச்சாலும், பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். பிறகு கொடையாளியின் குருத்தணுக்களை இரத்தம் ஏற்றுவது போல நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் சென்று குடியேறி, இரண்டு மூன்று வாரங்களில் புதிய அணுக்களை உண்டாக்கத் தொடங்குகின்றன. கொடையாளியின் வெள்ளணுக்கள் எஞ்சிய புற்றணுக்களை அந்நியமென்று கண்டு அழிக்கின்றன. சிகிச்சையின் உயிர்நாடியே அதுதான். ஆனால் அதே வெள்ளணுக்கள் நோயாளியின் தோல், குடல், ஈரல் ஆகியவற்றையும் அந்நியமென்று தாக்கக்கூடும். நோய்த்தொற்றும் வரலாம். நோயால் அன்றி, இந்தச் சிகிச்சையாலேயே இறந்துபோகிறவர்களும் உண்டு. பிழைத்தவர்களிலும் பலர் பிள்ளைப்பேற்றுக்கான ஆற்றலை இழந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் விஷயத்தின் கூர்மை இருக்கிறது. மருந்து முடிந்து, நோய் தணிந்து, உடம்பு தேறி, வேலைக்குப் போகலாம் என்று மனிதர் நினைத்துக்கொண்டிருக்கும் சமயம். அப்போது அவரிடம் வந்து, உயிருக்கே ஆபத்தாகக்கூடிய ஒரு சிகிச்சைக்குச் சம்மதியுங்கள் என்கிறார்கள். ஏன் என்று அவர் கேட்பாரா, மாட்டாரா? மரபணுத் தாளில் உள்ளதை மறைத்துவிட்டு அதற்கு எப்படிப் பதில் சொல்வது?

கத்ரும் கணக்கும்

'டாக்டர் சொல்லும் கணக்கை நம்புவது கத்ரின் மீதுள்ள நம்பிக்கைக்கு விரோதமல்லவா?' என்று சிலர் கேட்கக்கூடும். 'எல்லாம் தாளிலேயே எழுதியாயிற்று. இனிச் சிகிச்சை எதற்கு?' என்று வேறு சிலர் சோர்ந்துவிடக்கூடும். முன்னவர் தாளை வீசியெறிகிறார்; பின்னவர் தாளையே விதியாக்கிவிடுகிறார். இருவருமே கணக்கு இன்னதென்று அறியாதவர்கள்.

நூறு பேரில் நாற்பது பேர் என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய பேச்சு. சிகிச்சை பெற்றுச் சென்றவர்களை எண்ணிப் பார்த்துச் சொன்ன பேச்சு. இந்த ஒரு மனிதர் அந்த நாற்பதில் இருக்கிறாரா, அறுபதில் இருக்கிறாரா என்று அது சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆகவே அது மறைவான ஞானத்தில் கை வைப்பதும் ஆகாது. ஆனி ஆடி மாதங்களில் காற்றின் போக்கைப் பார்த்துக் கடலோடி முடிவு செய்வதை நாம் ஷிர்க் என்று சொல்வதில்லையே!

அந்தக் கணக்கு நிரந்தரமானதும் அன்று. இதற்கு ஒரு சான்று காட்டுவோம். மைலாய்டு வகையில் 'புரோமைலோசைட்டிக்' என்று ஓர் உட்பிரிவு உண்டு. பதினைந்தாம் குரோமோசோமும் பதினேழாம் குரோமோசோமும் துண்டு மாறிக்கொள்வதால் வருவது அது. அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் ஜேனட் ரௌலி அம்மையார் 1977இல் இதைக் கண்டறிந்தார். அந்நாளில் இரத்தப் புற்றுநோய்களிலேயே மிக விரைவாக உயிரைக் குடிப்பது இதுவே என்று மருத்துவர்கள் நடுங்கினார்கள். சில நாட்களுக்குள்ளேயே மூளையில் இரத்தம் கசிந்து இறந்துபோனவர்கள் பலர். 1988இல் சீனாவின் ஷாங்காய் நகர மருத்துவர்கள், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஒரு மருந்தால் 24 நோயாளிகளுக்கு நோய் தணிந்ததை வெளியிட்டார்கள். அதே நாட்டில் ஹார்பின் நகர மருத்துவர்கள் ஆர்செனிக்கை, அதாவது நம் வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் அதே பொருளை, அளவறிந்து மருந்தாக்கினார்கள். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்தப் பாஷாண மருந்தை மட்டுமே கொண்டு 72 நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்து, நூற்றுக்கு ஏறத்தாழ 86 பேருக்கு நோய் தணிந்ததை 2006இல் உலகுக்கு அறிவித்தார்கள். இன்று உரிய நேரத்தில் ஆஸ்பத்திரியை அடைந்துவிட்டால், பெரியவர்களுக்கு வரும் கடும் இரத்தப் புற்றுநோய்களிலேயே மிக நன்றாகக் குணமாவது இதுதான். குருத்தணு மாற்றுகூடப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மரபணுப் பிழை மாறவில்லை; 1977இல் இருந்த அதே பிழைதான். மனிதனுக்கு அல்லாஹ் திறந்துவிட்ட அறிவுதான் மாறியது.

இன்னொரு சான்று: எஃப்.எல்.டி.3 என்ற மரபணுவில் வரும் ஒருவகை நீட்சி. ஐரோப்பியக் குழுவின் 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் இது, அதன் அளவையும் உடன் வரும் மற்றொரு மரபணு மாற்றத்தையும் பொறுத்து, சிலருக்கு நல்ல வகுப்பிலும் சிலருக்குப் பாதகமான வகுப்பிலும் வைக்கப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டுப் பட்டியலில், வேறு பாதகமான மாற்றம் இல்லாதவரை, நடுத்தர வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே தாள், படிக்கப்படும் ஆண்டைப் பொறுத்து வகுப்பு வேறு. மனிதர்கள் எழுதித் திருத்திக்கொண்டே வரும் ஒன்றை லவ்ஹுல் மஹ்ஃபூளில் எழுதப்பட்டதற்குச் சமமாக்குவது தகுமா?

அதற்காக, தாளில் உள்ளது வெறும் காகிதம் என்று சொல்லிவிடவும் கூடாது. டி.பி.53 பழுதானவர்களுக்கு இன்றும், குருத்தணு மாற்றிய பின்னும்கூட, பலன் குறைவே. உண்மையை உண்மையாகத்தான் சொல்ல வேண்டும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட வரலாறு நாம் அறிந்ததே. வழியில் ஸர்க் என்ற இடத்தில், ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. கலீஃபா அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் மூத்த குறைஷிகளையும் வரிசையாக அழைத்து ஆலோசித்துவிட்டுத் திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள். இறைவன் விதித்ததிலிருந்து விலகி ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, திரும்பிச் செல்வதும் அவன் விதித்ததற்குள் அடங்கியதே என்ற கருத்தில் விடையளித்தார்கள். செழிப்பான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அதுவும் விதிப்படியே என்று உவமையும் கூறினார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வந்த செய்தியைக் கலீஃபா அவர்கள் மறைக்கவுமில்லை, அலட்சியம் செய்யவுமில்லை. செய்தியை அறிந்து, ஆலோசித்து, முடிவெடுத்தார்கள். அறிந்து முடிவெடுப்பதும் தவக்குலுக்கு உட்பட்டதே.

மறைப்பதால் யாருக்கு நஷ்டம்?

இப்போது அண்ணன் சொன்ன சொல்லுக்குத் திரும்புவோம். 'தெரிந்தால் தம்பி மனம் உடைந்துபோவான்' என்பது அவருடைய வாதம். இதை நாம் அற்பமாகக் கருதவில்லை. கெட்ட செய்தி மனத்தை வாட்டும் என்பது உண்மையே. ஆனால் மறைத்தால் மட்டும் நோயாளிக்குத் தெரியாமல் போய்விடுகிறதா? முடி கொட்டுகிறது, பக்கத்துக் கட்டில்காரர் பேசுகிறார், பார்க்க வந்த உறவினர் வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எல்லாம் அவர் கண்ணில் படுகின்றன. தெரிந்தும் தெரியாதது போல அவர் நடிக்க, சொல்லாமல் சொன்னது போல குடும்பம் நடிக்க, கடைசியில் ஒரே வீட்டுக்குள் ஒவ்வொருவரும் தனித்தனியே அழுகிறார்கள்.

ஒருவருடைய உடம்பு அல்லாஹ் அவரிடம் ஒப்படைத்த அமானத். அந்த உடம்பைப் பற்றிய செய்தியும் அவருக்குரிய அமானத்தே. அண்ணன் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்க வேண்டியவரே தவிர, தம் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ள உரிமையுள்ளவர் அல்லர். இச்செய்தியைக் கொண்டு அந்த மனிதர் செய்து முடிக்க வேண்டிய காரியங்கள் எத்தனை! யாரிடம் கடன் பட்டிருக்கிறார், யாருக்குக் கொடுத்திருக்கிறார் என்று அவருக்கே தெரியும். மனைவியின் மஹர் நிலுவையில் இருக்கலாம். சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல், வாரிசல்லாதவர்க்கோ நற்காரியத்துக்கோ வஸிய்யத் செய்ய எண்ணியிருக்கலாம். பேச்சு வார்த்தை அற்றுப்போன சகோதரியிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கலாம். விடுபட்ட நோன்புகள் இருக்கலாம். நன்மையை நாடி அவரிடம் உண்மையை மறைத்தவர், அறியாமலேயே இத்தனை ஹக்குகளின் வாசலையும் சாத்திவிடுகிறார்.

சிகிச்சையைத் தேர்வு செய்யும் உரிமையும் அதில் அடங்கியது. ஓர் உயிராபத்தை ஏற்றுப் பெரிய ஆபத்தைத் தாண்டப் பார்ப்பதா, இல்லை, கிடைக்கும் நாட்களை வீட்டில் பிள்ளைகளோடு கழிப்பதா? குடும்பத்தின் ஒரே வீட்டை விற்றுச் செலவழிப்பதா? இவை நியாயமான மனிதர்கள் இருவேறு விதமாக முடிவெடுக்கக்கூடிய கேள்விகள். அவருடைய உயிரை வைத்து, அவருக்குத் தெரியாமல், மற்றவர் முடிவெடுப்பது அநீதி. 2008 ஜனவரியில் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. சுயநினைவோடு முடிவெடுக்கத் தகுதியுள்ள வயது வந்த ஒருவர் மயக்க மருந்தில் இருந்த சமயத்தில், அவருடைய தாய் தந்த சம்மதம் அவருடைய சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சார்ந்த ஃபிக்ஹ் பேரவையும் 1992இல் ஜித்தாவில் கூடியபோது, தகுதியுள்ள நோயாளியின் சம்மதம் சிகிச்சைக்கு அவசியம் என்று தீர்மானித்தது. ஒரு நோய் கைவிட வேண்டியதா என்பது அந்தந்தக் காலத்திலும் இடத்திலும் உள்ள மருத்துவ வசதியைப் பொறுத்தது என்பதையும் அத்தீர்மானம் எடுத்துக்காட்டியது. பாஷாண மருந்தின் வரலாறு நமக்குச் சொன்னதும் அதுவேயன்றோ!

அப்படியானால் எடுத்த எடுப்பிலேயே எல்லா எண்களையும் அவர் முகத்தில் வீசுவதா? அல்ல. உண்மையைச் சொல்வது வேறு, இரக்கமின்றிச் சொல்வது வேறு. முதலில் அவரையே கேட்க வேண்டும்: "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர் சிகிச்சையை மட்டும் கேட்டுக்கொண்டு எண்களை வேண்டாம் என்பார்கள். இன்னும் சிலர், "அண்ணனிடம் பேசிக்கொள்ளுங்கள், அவர் முடிவே என் முடிவு" என்று ஒப்படைப்பார்கள். அதுவும் அவருடைய உரிமையே. அவர் மனமுவந்து ஒப்படைத்தால் அண்ணன் வகீல். அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டால் அது வேறு. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. கேட்பவரிடம் பொய் சொல்லக் கூடாது. கேட்காதவர் மேல் சுமத்தவும் கூடாது. நம்பிக்கைக்கு இடமிருக்கும் இடங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவையும் உண்மையின் பகுதியே.

கொடுக்கும் கை

உண்மையை அறிந்து முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கு மட்டும் உரியதன்று; குருத்தணு கொடுப்பவருக்கும் உரியது.

கொடையாளியின் திசு வகை நோயாளியின் வகையோடு பொருந்த வேண்டும். கூடப்பிறந்தவர் ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்று பேர் கூடப்பிறந்திருந்தால், அவர்களில் ஒருவரேனும் பொருந்துவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 58 வாய்ப்பு. தாய், தந்தை, பிள்ளைகள் பாதிப் பொருத்தம் உடையவர்கள். இன்று பாதிப் பொருத்தத்திலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. இந்தியாவில் முதன்முதலாக 1983 மார்ச்சில் பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையில், இரத்தப் புற்றுநோய் கண்ட ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவளுடைய சகோதரனின் மஜ்ஜையைக் கொண்டே இச்சிகிச்சை செய்யப்பட்டது. வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் தொடங்கிற்று. குடும்பத்தில் பொருத்தம் இல்லாதவர்களுக்காக, முன்பின் அறியாதவர்கள் பெயர் பதிந்து வைக்கும் 'தாத்ரி' என்ற பதிவகம் 2009இல் சென்னையில் ஏற்பட்டது.

இதைப் பற்றி ஊரில் உலவும் பயங்கள் பல. முதுகெலும்பில் எடுப்பார்கள், கை கால் விளங்காமல் போகும் என்பார்கள். அது தவறு. இக்காலத்தில் பெரும்பாலும் நாலைந்து நாள் ஊசி போட்டு, கை நரம்பிலிருந்து இரத்தத்தை ஓர் இயந்திரம் வழியே செலுத்திக் குருத்தணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி ஏற்றிவிடுகிறார்கள். சில மணி நேர வேலை. ஊசியால் சில நாள் உடம்பு வலியும் தலைவலியும் இருக்கும். சில சமயம் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையாகவே எடுப்பதும் உண்டு. கொடுத்தது சில வாரங்களில் தானே ஊறிவிடும். இரத்தத்தைப் போலத் தானே ஊறிவிடும் பொருளை, தகுதியுள்ளவர் மனமுவந்து மற்றவருக்குத் தருவது ஆகுமானது என்று அதே ஃபிக்ஹ் பேரவை 1988இல் தீர்மானித்திருக்கிறது.

எனவே கொடுப்பது பெரும் நன்மை. ஆனால் 'கொடுக்காவிட்டால் நீ சகோதரனா?' என்று கூட்டமாய்ச் சூழ்ந்து நெருக்குவது கூடாது. பயத்தாலோ வெட்கத்தாலோ தருவது மனமுவந்து தருவதாகாது. மருத்துவர் அவரிடம் தனியே பேசட்டும். அவர் தம் மனைவியோடு கலந்து பேசட்டும். ஒன்றை மட்டும் அவர் நன்றாக உணர வேண்டும். நோயாளியின் பழைய மஜ்ஜையை அழித்த பிறகு 'எனக்கு மனமில்லை' என்று கொடையாளி பின்வாங்கினால், அது நோயாளியைக் கொல்வதற்கு ஒப்பாகும். மறுப்பதானால் அதற்கு முன்பே மறுத்துவிட வேண்டும். வாக்குக் கொடுத்தபின் அது வாக்கு.

இங்கு ஒரு மஸ்அலா எழக்கூடும். சிகிச்சைக்குப் பின் நோயாளியின் இரத்த வகை கொடையாளியின் வகையாகவே மாறிவிடலாம். இரத்தத்தில் உள்ள மரபணுவும் கொடையாளியுடையதாகவே இருக்கும். இதனால் பால்குடி உறவைப் போல ஏதேனும் உறவு உண்டாகுமா? இரத்தம் ஏற்றுவதால் உறவோ திருமணத் தடையோ உண்டாவதில்லை என்பது இக்கால உலமாக்களின் தெளிவான கருத்து. பால்குடி உறவு சிசுப் பருவத்தில் பாலருந்துவதற்கே உரியது. மஜ்ஜைக் கொடையும் அதன்கீழ் வராது. வம்சமும் வாரிசுரிமையும் முன்பிருந்தபடியே இருக்கும்.

ஊராரின் பங்கு

இந்நோயாளியின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாட்களில் ஒரு சாதாரணச் சளியும் அவருக்கு ஆபத்து. நோயாளியைப் பார்க்கச் செல்வது சுன்னத். ஆனால் கூட்டமாகச் சென்று கட்டிலைச் சூழ்ந்துகொள்வது இவருக்கு நன்மை செய்வதாகாது. போனில் நலம் விசாரிப்போம். இருந்த இடத்திலிருந்தே துஆச் செய்வோம். ஜும்ஆவுக்கு வரவில்லையே என்று அவரைக் குறை சொல்ல வேண்டாம். அவருக்குச் சலுகை உண்டு. மருந்து ஏறும் காலத்தில் நோன்பை விட்டுவிட்டு, குணமானபின் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். கையில் மருந்துக் குழாய் பொருத்தி அதன்மேல் கட்டுப் போட்டிருந்தால், அதை நனைக்காமல் உளூச் செய்யும் வழியையும் தயம்மும் பற்றியும் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்ளலாம். இச்சட்டங்களைச் சொல்லிக் கொடுப்பதற்கும், அவருடைய நிலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமன்றோ!

செலவு பெரியது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கும் இடமுண்டு. தகுதியுள்ளவர் முதலில் அதைக் கேட்டறிய வேண்டும். மீதியை வட்டிக்கு வாங்க விடாமல் தடுப்பது ஜமாஅத்தின் பொறுப்பு. ஜகாத்துக்குத் தகுதியானவர்களில் இத்தகையவரும் இருக்கக்கூடும். மேலும் இவருக்கு வாரந்தோறும் இரத்தமும் தட்டணுவும் தேவைப்படும். பள்ளிவாசலில் பத்து இளைஞர்கள் தம் இரத்த வகையை எழுதி வைத்திருந்தால் ஒரு குடும்பத்தின் பாதி அலைச்சல் தீரும். அவர்களில் சிலர் குருத்தணுப் பதிவகத்திலும் பெயர் கொடுத்தால், இன்னும் நாம் பெயரறியாத ஒருவருக்கு, அவர் எந்தச் சமயத்தவராயினும், அது வாழ்வாகலாம்.

ஆக, நாம் சொல்ல வந்தது இதுதான். மரபணுத் தாள் விதியன்று. வழி காட்டும் ஒரு செய்தி. அச்செய்தி நோயாளிக்குச் சொந்தமானது. அதைப் பரிவோடு அவர் கையில் சேர்ப்போம். முடிவெடுக்க அவருக்குத் துணை நிற்போம். எடுத்த முடிவில் அவரைத் தனியே விட்டுவிடாதிருப்போம். பலனை ரப்பிடம் ஒப்படைப்போம். நோயுற்றோர் அனைவருக்கும் அந்த வல்ல நாயன் ஷிஃபாவைத் தந்தருள்வானாக. அவர்களுக்குப் பணிவிடை செய்வோருக்குப் பொறுமையையும், அமானத்தை உரியவரிடம் சேர்ப்பிக்கும் தைரியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.